அம்மாவின் அட்டாக்கை ‘கேஸ்’ என்றார்கள்: ஆண் உடம்பும் பெண் உடம்பும் நோயில் எவ்வளவு வேறு?

தாமிரபரணிக்கரை:

ஒரு மாதமாக மனசில் உருண்டுகொண்டிருப்பதை இங்கே இறக்கி வைக்கிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 58 வயது. சுகர் வந்து 11 வருஷம் ஆகிறது. தை மாதம் ஒரு ராத்திரி சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில், “மேல்வயிறு உப்புசமா இருக்குடா, முதுகுல ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல கல்லத் தூக்கி வச்சாப்ல இருக்கு” என்றாள். தாடை வேறு வலித்திருக்கிறது. சொத்தைப் பல் என்று நினைத்து கிராம்பு வைத்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. நெஞ்சு வலிக்குதா என்று கேட்டேன். வலி இல்லை, ஒரு மாதிரி படபடன்னு இருக்கு என்றாள். ஓம வாட்டர் கொடுத்தோம், கேட்கவில்லை. பக்கத்தில் இருக்கும் தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கேஸ் என்றார். ஒரு ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை. “வீட்ல ஏதும் டென்ஷனாம்மா?” என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஈசிஜி எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மாவால் நாலு படி ஏற முடியவில்லை, மூச்சு வாங்கியது. திருநெல்வேலிக்கு ஓடினோம். ஈசிஜி, ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை, எக்கோ எல்லாம் எடுத்துவிட்டு அங்கே சொன்னார்கள்: அட்டாக் வந்து இரண்டு நாள் ஆகிவிட்டது, இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது. ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பம்பிங் 40 சதவீதம்தான்.

இதை ஏன் இந்தத் தலைப்பில் எழுதுகிறேன் என்றால், போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சைப் பிடித்தது என்று அதே மருத்துவமனைக்குத்தான் போனோம். உள்ளே நுழைந்ததும் சட்டையைக் கழற்றச் சொல்லி ஈசிஜி எடுத்துவிட்டார்கள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை, வெறும் தசைப்பிடிப்பு. ஒன்றுமில்லாத அப்பாவுக்கு ஈசிஜி, அட்டாக் வந்த அம்மாவுக்கு கேஸ் ஊசி. அம்மாவின் உடம்பு வேறு மாதிரி பேசியதா, இல்லை அதைக் கேட்கத் தெரியவில்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

தம்பி, அம்மா பிழைச்சு வந்தாங்களே, அதுக்கு முதல்ல நன்றி சொல்லுவோம். நான் 19 வருஷமா நர்ஸ், அதுல 8 வருஷம் இதய சிகிச்சைப் பிரிவு.

நீங்க சொன்ன ஒவ்வொண்ணும், தாடை வலி, முதுகு பாரம், மேல்வயிறு உப்புசம், வியர்வை, படபடப்பு, எல்லாமே அட்டாக்கோட அறிகுறிதான். ஒண்ணை மட்டும் சரியாப் புரிஞ்சுக்கணும். பெண்களுக்கு நெஞ்சு வலியே வராதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துது, அது தப்பு. பெண்களுக்கும் அதிகமா வர்றது நெஞ்சு வலியோ நெஞ்சு இறுக்கமோதான். வித்தியாசம் எங்கன்னா, அதோட கூட வேற நாலு தொந்தரவும் சேர்ந்து வரும்: மூச்சிரைப்பு, குமட்டல், அசதி, முதுகு வலி. அந்த நாலையும் முதல்ல சொல்லி நெஞ்சைக் கடைசியாச் சொன்னா, கேக்குறவங்க காதுல முதல்ல சொன்னதுதான் விழும்.

இன்னொண்ணு, எங்க வார்டுல நான் கண்ணால பார்த்தது. ஆம்பளைக்கு வந்தா பொண்டாட்டி அடுத்த நிமிஷம் ஆட்டோ புடிச்சுருவாங்க. பொம்பளைக்கு வந்தா, அவங்களே பாத்திரம் கழுவி, மாவு கரைச்சு வச்சு, எல்லாரும் தூங்கினப்புறம்தான் “எனக்கு ஒரு மாதிரி இருக்கு”ன்னு சொல்வாங்க. அந்த ரெண்டு மணி நேரத்துல தசை செத்துக்கிட்டே இருக்கும்.

கொங்குச்சீமை:

வருத்தமான விஷயம். ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. எங்கப்பாவுக்கும் 2016இல் இதேதான் நடந்தது. நெஞ்சு வலியே இல்லை, ரெண்டு தடவை வாந்தி, அவ்வளவுதான். கேஸ் என்றுதான் சொன்னார்கள். அவர் பிழைக்கவில்லை. அவருக்கும் சுகர் இருந்தது. சுகர் இருந்தால் நரம்பு மரத்து வலி தெரியாமல் போகும் என்று பிறகு சொன்னார்கள். தாமிரபரணிக்கரை அம்மாவுக்கும் 11 வருஷ சுகர். அப்படியானால் இது சுகர் பிரச்சினைதானே? அதில் ஆண், பெண் என்று எதற்குப் பிரிக்க வேண்டும்? சரியாகப் பார்க்காத டாக்டர் யாரையும் சரியாகப் பார்க்க மாட்டார்.

தாமிரபரணிக்கரை:

அப்பாவை நினைத்து வருந்துகிறேன் அண்ணே. நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் குழப்பம்தான்.

இரவுப்பணி:

கொங்குச்சீமை அண்ணா சொல்றது உண்மை. சுகர் வலியை மறைக்கும், அதுல ஆண் பெண் பேதம் இல்ல. ஆனா சுகர் இதயத்துக்குச் செய்யுற கெடுதல் ரெண்டு பேருக்கும் ஒரே அளவு இல்லண்ணா. சுகர் வந்துட்டா அட்டாக் ஆபத்து ஆண்களுக்கும் கூடும், பெண்களுக்கு அதைவிடக் கூடுதலா ஏறும். மாதவிடாய் நிக்கிற வரைக்கும் ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் ரத்தக் குழாய்க்கு ஒரு காவலாளி மாதிரி. சுகர் வந்தா அந்தக் காவல் முன்னாடியே தளர்ந்துரும்.

மருந்துக்கடைக்காரன்:

டாக்டர் சரியில்லை என்பதோடு விஷயம் முடிவதில்லை, கொங்குச்சீமை. அந்த டாக்டர் எதைப் படித்து வந்தார் என்பதும் இருக்கிறது. நான் பி.பார்ம். படித்தவன், மருந்து எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பது என் தொழில். எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 55 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் அட்டாக் வந்து பிழைத்த சுமார் 3,000 பேரிடம் விசாரித்து 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நெஞ்சு வலி இரு தரப்பிலும் பத்தில் ஒன்பது பேருக்கு இருந்திருக்கிறது, இரவுப்பணி அக்கா சொன்ன மாதிரியே. அட்டாக்குக்கு முன்னாலேயே அறிகுறியோடு மருத்துவரிடம் போனவர்களை மட்டும் பாருங்கள். ‘இது இதயம் சம்பந்தப்பட்டதில்லை’ என்று சொல்லப்பட்டதாகப் பெண்களில் 53 சதவீதம் பேர் சொன்னார்கள், ஆண்களில் 37 சதவீதம். உங்கள் அப்பா அந்த 37இல் ஒருவர். தாமிரபரணிக்கரையின் அம்மா அந்த 53இல். இரண்டுமே கொடுமைதான், ஆனால் இரண்டும் ஒரே எண் இல்லை.

இதன் வேர் பழையது. 1950களின் கடைசியில் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்த தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்தன. அந்தப் பயத்தில் 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குழந்தை பெறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலைச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. நோக்கம் பாதுகாப்புதான். விளைவு என்னவென்றால், அளவு, பக்கவிளைவு, இடைவெளி எல்லாமே பெரும்பாலும் ஆண் உடம்பில் பார்த்து எழுதப்பட்டன. 1993இல்தான் அந்தத் தடை நீங்கியது.

தூக்க மாத்திரை ஜோல்பிடெம் கதை எங்கள் தொழிலில் பலருக்கும் தெரியும். 1992இல் அனுமதி, இரு பாலருக்கும் 10 மி.கி. இருபது வருஷம் அப்படியே ஓடியது. 2013 ஜனவரியில் பெண்களுக்கு 5 மி.கி. போதும் என்று பாதியாகக் குறைத்தார்கள். ராத்திரி 10 மி.கி. போட்டுக்கொண்டவர்களில் எட்டு மணி நேரம் கழித்து, காரோட்டத் தகாத அளவுக்கு மருந்து ரத்தத்தில் மிச்சமிருந்தது பெண்களில் 15 சதவீதம் பேருக்கு, ஆண்களில் 3 சதவீதம் பேருக்கு. இருபது வருஷம் எத்தனை பெண்கள் காலையில் தலை சுற்றுகிறது என்று சொல்லி, ‘சரியாச் சாப்பிடலை’ என்று திட்டு வாங்கியிருப்பார்கள்?

ஆஸ்பிரினும் அப்படித்தான். தொடர்ந்து ஆஸ்பிரின் சாப்பிட்டால் முதல் அட்டாக்கைத் தடுக்கலாம் என்பதைப் பிரபலமாக்கிய ஆய்வில் 22,071 மருத்துவர்கள், அத்தனை பேரும் ஆண்கள். முடிவு 1989இல் வந்தது, மாரடைப்பு 44 சதவீதம் குறைந்தது. பெண்களில் அதே கேள்வியை 39,876 பேரிடம் பார்த்து 2005இல் முடிவு வந்தபோது, முதல் அட்டாக் குறிப்பிடும்படி குறையவில்லை, பக்கவாதம்தான் 17 சதவீதம் குறைந்திருந்தது. ஒரே மாத்திரை, இரண்டு உடம்பு. ஏற்கெனவே அட்டாக் வந்தவர்களுக்கு இது பொருந்தாது. ஸ்டென்ட் வைத்தவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

சேலத்து மாம்பழம்:

முதல் தடவையாக இங்கே எழுதுகிறேன். எனக்கு 46 வயது. இரண்டு வருஷமாக மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது. ஆஞ்சியோ எடுத்தார்கள், அடைப்பே இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் ‘மெனோபாஸ் டென்ஷன்’ என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் “அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே” என்கிறார்கள். வலி என்னவோ இருந்துகொண்டேதான் இருக்கிறது. நானே என்னை நம்பாத நிலைக்கு வந்துவிட்டேன்.

இரவுப்பணி:

அக்கா, வலியை நீங்க கற்பனை பண்ணலை. இதை முதல்ல நம்புங்க.

ஆஞ்சியோவுல தெரியுறது பெரிய குழாய்கள் மட்டும்தான். அதுல இருந்து பிரியுற முடி மாதிரி நுண்ணிய ரத்தக் குழாய்கள் அதுல தெரியாது. அந்தச் சின்னக் குழாய்கள் சரியா விரியலைன்னாலும் தசைக்கு ரத்தம் பத்தாம வலி வரும். இந்த வகைக் கோளாறு பெண்கள்கிட்டதான் அதிகமாப் பார்க்குறோம். இதுக்குத் தனி பரிசோதனை இருக்கு, மருந்தும் இருக்கு. “என் ஆஞ்சியோ நார்மல், ஆனா வலி இருக்கு, நுண்குழாய்ப் பிரச்சினையா இருக்குமா?”ன்னு இதய மருத்துவர்கிட்ட நேராக் கேளுங்க. தயங்காதீங்க.

இன்னொரு கேள்வி. பிரசவத்தப்போ உங்களுக்கு பிரஷர் ஏறுச்சா? இல்ல கர்ப்பகால சுகர் வந்துச்சா? இதைப் பெரும்பாலும் யாரும் கேக்குறதே இல்ல. கர்ப்பத்துல பிரஷர் ஏறினவங்களுக்குப் பிற்காலத்துல இதய நோய் வர்ற வாய்ப்பு கூடுதல். பிரசவம் முடிஞ்சு பிரஷர் இறங்கிட்டா எல்லாரும் மறந்துடுறாங்க. ரத்தக் குழாய் மறக்காது.

தாமிரபரணிக்கரை:

அக்கா, இதைப் படித்ததும் அடுக்களையில் இருந்த அம்மாவிடம் போய்க் கேட்டேன். “உன்னப் பெத்தப்ப எட்டாம் மாசமே கால் ரெண்டும் வீங்கி, பிரஷர் கூடிப்போயி, பெரிய ஆஸ்பத்திரில அறுத்துத்தான் எடுத்தாங்க” என்றாள். எனக்கு 31 வயது. இத்தனை வருஷத்தில் ஒரு சீட்டிலும் அது எழுதப்பட்டதில்லை. ஸ்டென்ட் வைத்த இடத்திலும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தெரியாது.

விலங்கியல் வாத்தியார்:

34 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்பதைச் சொன்னால் உதவியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கரு உருவாகி ஏறத்தாழ ஆறு வாரம் வரை, ஆணாகப்போகும் கருவும் பெண்ணாகப்போகும் கருவும் உறுப்பமைப்பில் ஒன்றே. இரு வகை இனப்பெருக்க நாளங்களின் தொடக்கமும் இரண்டிலும் இருக்கும். ஒய் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு அதன் பிறகே விந்தகத்தை உருவாக்கும் வேலையைத் தொடங்கிவைக்கிறது. அந்த மரபணு கண்டறியப்பட்டது 1990இல். பால் தீர்மானத்தில் குரோமோசோமின் பங்கை 1905இல் மாவுப்புழுவை ஆராய்ந்து காட்டியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி. பெண் குழந்தை பெற்றதற்காக மருமகளைத் திட்டும் மாமியார்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஒய் வருவது தந்தையின் விந்தணுவிலிருந்து மட்டுமே என்பதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இரண்டு முறை சொல்லுவேன்.

பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ். அவற்றில் ஒன்று பெருமளவு அடங்கிவிடும் என்று 1961இல் மேரி லயன் முன்வைத்தார். எது அடங்கும் என்பது செல்லுக்குச் செல் மாறும். அம்மா கொடுத்த எக்ஸ் சில செல்களில், அப்பா கொடுத்தது மற்ற செல்களில். அதனால் ஒரு பெண்ணின் உடல் இரு நூல்கள் ஊடாடிய நெசவு. ஒரு நூலில் பழுதிருந்தால் மற்றது தாங்கும். ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் அதில் பழுது வந்தால் தாங்க ஆளில்லை. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியாவும் சிவப்பு பச்சை நிறக்குருடும் ஆண்களிடம் மிகுதியாக இருப்பது இதனால்தான். மறுபுறம், உடலின் எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்கும் நோய்கள் பெண்களிடம் மிகுதி. லூபஸ் நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள்.

நேர்படப்பேசு:

இவ்வளவு பேசுகிறீர்களே, முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். ஆணின் மூளை பெண்ணின் மூளையைவிட எடை கூடுதல். இதுவும் உயிரியல்தான். இயற்கையே யார் எதற்கு என்று பிரித்து வைத்திருக்கிறது. அதைச் சொன்னால் மட்டும் ஏன் கோபம் வருகிறது?

விலங்கியல் வாத்தியார்:

கோபம் இல்லை ஐயா. சராசரியாகப் பத்து சதவீதம் அளவுக்குக் கூடுதல் என்பது உண்மை. சராசரி ஆணின் உடலும் பெரிது. எடைதான் அறிவு என்றால் யானை நமக்குப் பாடம் நடத்த வேண்டும். யானையின் மூளை மனித மூளையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் எடை கொண்டது. 2015இல் 1,400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களை ஆராய்ந்து பார்த்தபோது, முற்றிலும் ‘ஆண்’ அம்சங்களோ முற்றிலும் ‘பெண்’ அம்சங்களோ கொண்ட மூளை மிக அரிதாகவே இருந்தது. பெரும்பாலோரிடம் இரண்டும் கலந்தே இருந்தன.

என் வகுப்பில் கணக்கில் முதலிடம் வந்த பெண் பிள்ளைகளை, ‘பொம்பளப் புள்ளைக்கு இது போதும்’ என்று பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று வீடுகளுக்கு நானே போய்ப் பேசினேன். ஒரு வீட்டில்தான் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளை நிறுத்தியது மூளையின் எடை அல்ல.

கொங்குச்சீமை:

நேர்படப்பேசு, இந்த இழை ஒருவரின் அம்மாவைப் பற்றியது. மூளைச் சண்டைக்கு வேறு இழை தொடங்குங்கள்.

என் முதல் பதிவில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். 53, 37 என்ற எண்களைப் பார்த்தபிறகு வெறும் ‘டாக்டர் சரியில்லை’ என்று சொல்ல முடியவில்லை. மீதிப் பாதியில் நிற்கிறேன்: ஆண்களும் விடுபடுகிறார்கள். எலும்புத் தேய்மானம் பெண்கள் நோய் என்றே நினைத்திருந்தோம். என் மாமனார் குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்ததற்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்கு முன்னால் எலும்பு அடர்த்தி பார்க்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மருந்துக்கடைக்காரன்:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், அது வரும் நூறு பேரில் ஒருவர் ஆண். ‘இது அவங்க நோய்’ என்று ஒதுக்கினால் இரண்டு பக்கமும் அடி விழும்.

தாமிரபரணிக்கரை, உங்கள் அம்மாவின் ட்ரோபோனின் அளவு என்ன என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதா? அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அட்டாக்கில் இதயத் தசை சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் புரதம் அது. பெண் இதயம் சராசரியாகச் சிறியது, நல்ல நிலையிலேயே அந்தப் புரதம் குறைவாகத்தான் இருக்கும். நுண்ணளவு காட்டும் ஒரு வகைப் பரிசோதனையில் ஆணுக்கு எல்லை லிட்டருக்கு 34 நானோகிராம், பெண்ணுக்கு 16. இருவருக்கும் ஒரே எல்லை வைத்தால் 20, 25 என்று காட்டும் பெண்ணை நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள்.

தாமிரபரணிக்கரை:

இரண்டு நாள் கழித்து எடுத்தது என்பதால் அம்மாவுக்கு எந்த எல்லை வைத்தாலும் எகிறித்தான் இருந்தது. ஆனால் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். ‘நார்மல்’ என்ற இடத்தில் ஒரே ஒரு எண்தான் போட்டிருக்கிறது, ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. ஹீமோகுளோபினுக்கு மட்டும் இரண்டு எண் இருக்கிறது.

விலங்கியல் வாத்தியார்:

அந்த இரண்டு எண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆணுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே. டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் என்பதால் ஆணுக்கு இயல்பிலேயே கூடுதல். இதுவரை உயிரியல். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேர் அந்த 12ஐக்கூடத் தொடவில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடுவது ஹார்மோன் சொல்லிக்கொடுத்த வழக்கமா? எந்தப் பங்கு உடம்பு, எந்தப் பங்கு வீடு என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

சேலத்து மாம்பழம்:

ஒரு சந்தேகம். ஈஸ்ட்ரோஜன்தான் காவல் என்றால், மாதவிடாய் நின்ற பிறகு அதை மாத்திரையாகச் சாப்பிட்டால் இதயத்துக்கு நல்லதுதானே? என் தோழி அப்படித்தான் சாப்பிடுகிறாள்.

மருந்துக்கடைக்காரன்:

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், சகோதரி. 16,608 பெண்களிடம் சோதித்துப் பார்த்தபோது, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையால் மார்பகப் புற்றும் இதய நோயும் கூடுவது தெரிந்து 2002 ஜூலையில் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். மாதவிடாய் நின்றபின் வரும் கடும் உடல்கொதிப்புக்கு, சரியான வயதில், மருத்துவர் கண்காணிப்பில் கொடுப்பது வேறு. இதயத்தைக் காக்க என்று சொந்தமாக வாங்கிச் சாப்பிடுவது வேண்டாம். உங்கள் தோழி யார் எழுதிக் கொடுத்துச் சாப்பிடுகிறார் என்று கேளுங்கள்.

இரவுப்பணி:

வீட்டுல என்ன செய்யணும்னு மட்டும் சொல்லிட்டுப் போறேன், டூட்டிக்கு நேரமாச்சு.

தாடையில இருந்து தொப்புள் வரைக்கும் எங்க புதுசா பாரமோ வலியோ வந்து, கூட வியர்வை, மூச்சிரைப்பு, குமட்டல்ல ஒண்ணு இருந்தாலும் 108க்குப் போன் போடுங்க. டாக்டர்கிட்ட “கேஸ் மாதிரி இருக்கு”ன்னு நீங்களே நோய்க்குப் பேரு வைக்காதீங்க. என்ன பண்ணுதோ அதை மட்டும் சொல்லுங்க. ஈசிஜி எடுங்கன்னு வாய் விட்டுக் கேளுங்க, வந்து பத்து நிமிஷத்துக்குள்ள எடுக்கணும்கிறதுதான் முறை. முதல் ஈசிஜி நார்மல்னு வந்தாலும் தொந்தரவு நிக்கலைன்னா திரும்ப எடுக்கச் சொல்லுங்க. பெண்களுக்கு அட்டாக் வர்றது ஆண்களைவிட சராசரியா 7 லேர்ந்து 10 வருஷம் தள்ளித்தான். அதனால 60, 65 வயசு அம்மாங்களை “வயசாச்சு, அசதிதான்”னு விட்டுடாதீங்க.

மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வர்ற அக்காங்ககிட்ட பிரஷர், சுகர் பாக்குறப்போ, பிரசவத்துல பிரஷர் ஏறினதையும் சேர்த்துச் சொல்லுங்க.

சேலத்து மாம்பழம்:

வியாழக்கிழமை இதய மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். நுண்குழாய் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், அங்கே போனதும் மறந்துவிடக் கூடாது என்று. மூத்தவள் பிறந்தபோது எனக்கும் கர்ப்பகால சுகர் இருந்தது. அதையும் எழுதிவிட்டேன்.

தாமிரபரணிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. அம்மா இப்போது வாசல் வரை நடக்கிறாள், மூச்சு வாங்குவது கொஞ்சம் குறைந்திருக்கிறது. அந்த மருத்துவமனைக்கு நேரில் போய், ஈசிஜி எடுத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சண்டை போடவில்லை. அடுத்த அம்மாவுக்காவது எடுக்கட்டும்.

இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தி, “கல்லிடைக்குறிச்சி பெரியம்மா ஒரு வாரமா முதுகு பிடிச்சுருக்குன்னு தைலம் தேச்சுக்கிட்டு இருக்கா, அவளுக்கும் சுகர் உண்டு” என்றாள். பெரியம்மாவுக்கு 63 வயது. போனில் பிடித்தேன், படி ஏறினால் மூச்சு வாங்குதா என்று கேட்டேன். “ஆமாடா, வயசாகுதுல்ல” என்றாள். மணி இப்போது ஒன்பதரை. விடியட்டும் என்று காத்திருக்கப் போவதில்லை, வண்டி சொல்லியாகிவிட்டது.